சலிமா போய்வர எத்தனை?

என் அக்கா புருஷன் ஜைலோசியிடம் மணி கேட்டால்கூடக் கிலோமீட்டரில்தான் பதில் வரும்.

"மினிபஸ் எப்ப வரும் மச்சான்?"

"நாதெஞ்ஜே சந்தையைத் தாண்டியிருக்கும். இன்னும் நாலு புள்ளி ரெண்டு இருக்கு."

இப்படி ஒரு மனுஷன். ஒரு திட்ட ஆபீசில் பத்தொன்பது வருஷம் டிரைவர். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் மருந்து, கொசுவலை கொண்டுபோகிற ஆபீஸ். ஓட்டுவதைவிட எழுதுவதில்தான் அவருக்குப் பெருமை. வண்டி கிளம்பும்போது மீட்டரில் என்ன எண், நிற்கும்போது என்ன எண் என்று லாக் புத்தகத்தில் எழுதுவார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு அடித்தல் கிடையாது, ஒரு திருத்தல் கிடையாது. மீட்டர் கண்ணாடியைத் துடைக்கவே சட்டைப்பையில் தனியாக ஒரு கைக்குட்டை. அதில் மூக்குச் சிந்த அவர் பெற்ற பிள்ளைக்குக்கூட அனுமதி இல்லை.

பெண் கேட்டு வந்த அன்றே எங்களுக்குத் தெரிந்துபோயிற்று. அவருடைய தாய்மாமன் லெக்ஸன் எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து, "டெட்ஸாலேர்ந்து அறுபது கிலோமீட்டர் வந்திருக்கோம், இந்த வீட்டுல ஒரு நல்ல கோழி மேயுதுன்னு கேள்விப்பட்டோம்" என்று முறைப்படி ஆரம்பித்தார். மாப்பிள்ளை வாயே திறக்கக்கூடாத நேரம் அது. பின்னாலிருந்து இவர் குரல் வருகிறது: "அம்பத்தெட்டு புள்ளி ஆறு மாமா." என் அம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தோப்வாக் கூழ் சிந்திவிட்டது. பொய் சொல்லத் தெரியாத பயல், கொடுத்துவிடலாம் என்று அன்றே முடிவு பண்ணிவிட்டாள்.

எங்கள் ஆட்களில் பெண் புகுந்த வீட்டுக்குப் போக மாட்டாள். ஆண்தான் வருவான், வீட்டோடு மாப்பிள்ளையாக. வீடு அவளுடையது, பிள்ளைகள் அவளுடையவர்கள், நிலமும் அவளுடையது. அவளுக்குப் பொறுப்பு கூடப்பிறந்தவன். அதாவது நான். அக்காவைவிட ஏழு வயது சின்னவனாக இருந்தாலும், அந்தக் கல்யாணத்தில் ஒரு சண்டை வந்தால் பாயின் நடுவில் உட்கார்ந்து கேட்கிறவன் நான்தான். "போ" என்று நான் சொன்னால் அந்த மனுஷன் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு டெட்ஸாவுக்கு நடக்க வேண்டியதுதான். அவ்வளவு அதிகாரத்தை என் கையில் எவன் கொடுத்தானோ!

என் பிழைப்பு வண்டி மீட்டர். லிலோங்வேயில் பிவி பக்கம் வந்து "மீட்டர் வைசன்" என்று கேட்டால் பழக்காரிகூடக் கை காட்டுவாள். செத்த மீட்டரைக் கழற்றுவேன், காயலான்கடை வண்டியிலிருந்து ஒன்றைப் பிடித்து மாட்டுவேன், பழையதில் இருந்த ஓட்டத்தைப் புதியதில் ஏற்றிக் கொடுப்பேன். எட்டுக் கால் வைத்த ஒரு சின்னச் சிப்புக்குள்தான் அந்த எண் உட்கார்ந்திருக்கும். கேட்கிறவர்களுக்கு எண்ணைக் குறைத்தும் கொடுத்திருக்கிறேன், மறைப்பானேன். கோயிலா நடத்துகிறேன்? நூறு வண்டிக்காவது குறைத்திருப்பேன். ஒருத்தன் குடும்பமும் அதனால் தெருவுக்கு வரவில்லை. நேர்மையாக, கடைசி இலக்கம்வரை பொருத்திக் கொடுத்த ஒரு வேலைதான் என் அக்கா வீட்டை ஆட்டிவிட்டது.

அந்த ஜனவரி மழையில் ஜைலோசி ஓட்டுகிற பிக்கப்பின் முன்கண்ணாடி ரப்பர் விட்டுப்போய், தண்ணீர் இறங்கி, மீட்டர் இருண்டுவிட்டது. ஆபீசில் வண்டிகளைப் பார்க்கிற அதிகாரி கலுவா வேறு கடைக்கு அனுப்பத்தான் இருந்தார். என் மச்சான் குறுக்கே விழுந்து, "என் மச்சினன் இருக்கான் சார், எண்ணுல ஒண்ணுகூடப் பிசகாது" என்று என்னிடம் கொண்டுவந்தார்.

இங்கிலாந்திலிருந்து வந்து நொறுங்கிப்போன அதே ரக வண்டியின் மீட்டர் ஒன்று என்னிடம் கிடந்தது. உள்ளே சர்க்யூட் பலகை புதிது மாதிரி. எண் அச்சடித்த முகத்தட்டுதான் நம் ஊர் மாதிரி இல்லை. மச்சானுடைய பழைய முகத்தட்டு சுத்தமாக இருந்தது. அதைக் கழற்றி இந்தப் பலகைமேல் ஒட்டினேன். பார்த்தால் அதே பழைய மீட்டர்தான், முகம் மாறவே இல்லை. பழைய சிப்பைப் படித்து, 214683 என்ற எண்ணைப் புதியதில் எழுதினேன். சாவியைத் திருப்பினால் ஜம்மென்று எரிகிறது.

"வாசிங்க மச்சான்."

கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தார். "ரெண்டு, ஒண்ணு, நாலு, ஆறு, எட்டு, மூணு." என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எனக்கே கண் கலங்கிவிட்டது. லாக் புத்தகத்தில், "மீட்டர் மாற்றப்பட்டது, எண் அதே" என்று மணி மணியாக எழுதினார்.

மறுநாள் ஏரிக்கரைச் சலிமா ஊருக்குக் கொசுவலை ஏற்றிக்கொண்டு போனார். சாயங்காலம் ஆபீசுக்குக்கூடப் போகாமல் நேராக என் கடைக்கு வந்து நின்றார். முகம் சரியில்லை.

"வைசன், சலிமா போய்வர எத்தனை?"

"என்னைக் கேட்டா? இருநூறு இருக்கும்."

"இருநூத்தி ஒண்ணு. மீட்டர் நூத்தி இருபத்தஞ்சு காட்டுது."

நான் அப்போது வேறு ஒரு வண்டிக்குள் தலைகீழாகக் கிடந்தேன். எரிச்சலாக இருந்தது. "மழையில ரோடு சுருங்கியிருக்கும் மச்சான்."

"விளையாடாத."

"ஸ்பீடு முள்ளு சரியா இருக்கா?"

"சரியாத்தான் இருக்கு. எண்பதுல போனா எண்பது காட்டுது."

"எண்ணு நான் பொருத்தினது சரியா?"

"சரிதான்."

"முள்ளு சரி, எண்ணு சரி. அப்புறம் எங்கிட்ட என்ன கேள்வி? உங்க மண்டைக்குள்ள ஒரு மீட்டர் ஓடுதே, அதைக் கழட்டிக் கொண்டாங்க, மாத்தித் தரேன்."

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், பாவம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் நாக்கைப் பிடுங்கி எறியலாம்போல் இருக்கிறது.

ஆபீசில் கலுவாவிடமும் சொல்லியிருக்கிறார். மீட்டர் குறைத்துக் காட்டுகிறது, ஓடின தூரத்தை நானே எழுதட்டுமா என்று கேட்டிருக்கிறார். கலுவா எகிறிவிட்டார். "மீட்டர்ல இருக்கிறதை எழுதறதுதான் சட்டம். உன் தலையில இருக்கிறதை எழுதினா அதுக்குப் பேரு ஃபோர்ஜரி. மீட்டர் கெட்டுப்போச்சுன்னா கடைக்காரன்கிட்ட எழுதி வாங்கிட்டு வா."

அந்தக் காகிதத்துக்கும் மனுஷன் என்னிடம்தான் வந்தார். நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கூடப் பார்க்கவில்லை. என் வேலையைச் சந்தேகப்படுகிறார்களா என்கிற ரோஷம். "மீட்டர் நல்ல நிலையில் உள்ளது. எண் பொருத்தம் சரிபார்க்கப்பட்டது" என்று எழுதி, சீலை மையில் தோய்த்து நச்சென்று குத்திக் கொடுத்தேன். "இதை உங்க ஆபீசர் மூஞ்சியில ஒட்டுங்க மச்சான்" என்று வாய்க்கொழுப்பு வேறு.

அன்றோடு அவரை நான்கு பக்கமும் அடைத்துவிட்டோம், கலுவாவும் நானும் சேர்ந்து. மீட்டரில் இருப்பதை எழுதினால் பொய் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததை எழுதினால் குற்றம். பத்தொன்பது வருஷமாக ஒரு அடித்தல் இல்லாத புத்தகத்தில், தினமும் தன் கையால், அழகான எழுத்தில், பொய்யை எழுதிக்கொண்டிருந்தார்.

அப்புறம் அவருக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை சலிமா நூற்று இருபத்தைந்துதானோ? இத்தனை வருஷமும் பழைய மீட்டர்தான் கூட்டிக் காட்டியதோ? இதை யாரிடம் போய்க் கேட்பது? ஏற்கெனவே ஊரே சிரிக்கிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், சர்ச்சுக்குக்கூடப் போகாமல், நடக்கக் கிளம்பியிருக்கிறார். வீட்டிலிருந்து மாவுமில் வரைக்கும், மில்லிலிருந்து பாலம் வரைக்கும், ஒவ்வொரு அடியாக எண்ணிக்கொண்டு. இது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம் அக்கா சொன்னதுதான்.

என் அக்கா எனெலேசி வாய் திறந்தால் சந்தையே திரும்பிப் பார்க்கும். ஒருநாள் என் கடை வாசலில் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"டேய் வைசன், உங்க மச்சானுக்கு எவளோ இருக்கா."

"யாருக்கு? நம்ம கிலோமீட்டருக்கா? போக்கா, அந்த ஆளு காதலிக்கணும்னாலும் முதல்ல எத்தனை தூரம்னு கேப்பாரு."

"சிரிக்காதடா. மூணு ஞாயித்துக்கிழமையா விடியக்காலைல துடைச்சுப்போட்ட செருப்பை மாட்டிக்கிட்டுப் போறாரு. வாய் முணுமுணுத்துக்கிட்டே போகுது. அவகிட்டப் பேசறதை ஒத்திகை பாக்கறாரு. எங்க போறீங்கன்னு குறுக்க போய்க் கேட்டேன். அய்யோ கெடுத்துட்டியேன்னு தலையில அடிச்சுக்கிட்டு, திரும்ப வீட்டு வாசல்லேர்ந்து நடக்க ஆரம்பிக்கிறாரு! எதைடா நான் கெடுத்தேன்? நீயே சொல்லு."

எண்ணிக்கை விட்டுப்போன கடுப்பு அது என்று எனக்கு எப்படித் தெரியும்?

மார்ச் முடிவதற்குள் ஆபீசில் வெடித்தது. கலுவாவின் கம்ப்யூட்டர் டீசலையும் ஓடின தூரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது. ஜனவரிவரை லிட்டருக்குப் பத்து கொடுத்த வண்டி, அதற்கப்புறம் ஆறு கொடுக்கிறது. மீதி டீசல் எங்கே? டிரைவர் விற்றுவிட்டான். வேறு என்ன? மீட்டர் கோளாறு என்று சொல்லவும் வழியில்லை, "நல்ல நிலையில் உள்ளது" என்று சீல் குத்தின காகிதம் ஃபைலில் பத்திரமாக இருக்கிறது. வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். குற்றத்தை ஒத்துக்கொண்டு எழுதிக்கொடுத்தால் சத்தமில்லாமல் வீட்டுக்குப் போகலாம், இல்லையென்றால் போலீஸ். முடிவு சொல்ல ஒரு வாரம் கொடுத்தார்கள்.

அக்காவுக்கு இது போதாதா? டீசல் விற்ற காசு தன் வீட்டுக்கு வரவில்லை. அப்படியென்றால் எந்த வீட்டுக்குப் போயிற்று? ஞாயிற்றுக்கிழமை நடந்துபோகிற வீட்டுக்குத்தான். இரண்டும் இரண்டும் நாலு. "சனிக்கிழமை பாயைப் போடு. அவரோட மாமனுக்கும் சொல்லியனுப்பு. நீ பேசி அந்த மனுஷனை அனுப்பிவை" என்று எனக்குப் போன் பண்ணினாள். குரல் உடைந்திருந்தது. பதினாறு வருஷத்துக் கல்யாணம். சின்னப் பயலுக்கு ஐந்து வயசு.

வியாழக்கிழமை ஒரு ஸ்க்ரூ தேடித் தகர டப்பாவைக் கவிழ்த்தேன். அடியில் அந்த இங்கிலாந்து முகத்தட்டு கிடந்தது. தூக்கிப் போடப்போனவன் சும்மா பார்த்தேன். 20, 40, 60 என்று பெரிய எழுத்தில், 120 வரைக்கும். நடுவில் மைல் என்று போட்டிருக்கிறது. உள்வட்டத்தில் பொடியாகக் கிலோமீட்டர்.

முள் பாதி தூரம் ஏறினால் இந்தத் தட்டில் அறுபது மைல். அதே இடத்தில் மச்சானுடைய தட்டில் நூறு கிலோமீட்டர். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகம்தான். அதனால்தான் முள் சரியாகக் காட்டியது. ஆனால் அந்தத் தட்டுக்குக் கீழே உட்கார்ந்து எண்ணுகிற பலகை இங்கிலாந்துப் பலகை. அது மைலைத்தான் எண்ணும். இருநூறு கிலோமீட்டர் ஓடினால் நூற்று இருபத்தைந்து என்றுதான் எண்ணும். முகத்தை மாற்றின படுபாவி நான்தான்.

கடையைச் சாத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். ஓடிப்போய் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், பாயில் வைத்துச் சொல்லலாம், எல்லோர் முன்னாலும் சொன்னால்தான் மச்சானுக்கு மரியாதை என்று எனக்கு நானே கதை விட்டேன். உண்மையைச் சொன்னால், பயம். பிவியில் என் பேர் நாறிவிடும். மைலுக்கும் கிலோமீட்டருக்கும் வித்தியாசம் தெரியாதவன் மீட்டர் வைசனாம் என்று பழக்காரிகூடச் சிரிப்பாள். அக்கா என்னைச் சும்மா விடமாட்டாள். ஃபைலில் என் சீல். இரண்டு ராத்திரி தூங்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பாய் போட்டாயிற்று. ஒரு பக்கம் லெக்ஸன் மாமா, பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு ஜைலோசி. இந்தப் பக்கம் அக்கா, முந்தானைத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு. நடுவில் நான். துணிமூட்டை ஏற்கெனவே கட்டிக் கதவோரம் வைக்கப்பட்டிருந்தது. அக்கா கட்டினது. கைக்குட்டையைக்கூட மறக்காமல் துவைத்து, மடித்து, மேலே வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். வாயிலிருந்து வந்தது வேறு: "மச்சான், ஞாயித்துக்கிழமையெல்லாம் எங்க போனீங்க?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சும்மா நடந்தேன். மனசு சரியில்ல. பொம்பளை யாருமில்ல, என் பிள்ளைங்க மேல சத்தியமா இல்ல."

"அப்ப டீசல் காசு?" அக்கா குறுக்கே புகுந்தாள். "அதுக்குச் சொல்லுங்க!"

லெக்ஸன் மாமா, "வாயைத் திறடா, எடுத்தியா இல்லையா" என்று தோளைத் தட்டினார். அடுத்து நான் பேச வேண்டும். இப்போது இல்லையென்றால் எப்போது?

"எடுத்தேன்" என்றார் ஜைலோசி.

லெக்ஸன் மாமாவின் கை அவர் தோளைவிட்டு இறங்கியது.

"வித்தேன். குடிச்சுத் தீத்தேன். சலிமாவுல. தப்புதான். ஆபீசுலயும் எழுதிக் குடுத்துட்டேன்."

அந்த மனுஷன் ஆயுசில் பீர் தொட்டதில்லை. அக்காவுக்குத் தெரியும். ஆனால் பெண்ணில்லை என்றதும் அவளுக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை. "குடிச்சீங்களா? குடிக்கவா செஞ்சீங்க?" என்று அவர் தோளில் அடித்து அடித்து அழுதாள். குடித்ததற்காக ஒருத்தி அவ்வளவு சந்தோஷமாக அழுது நான் பார்த்ததில்லை.

எனக்கு என்ன தோன்றியது என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். அப்பாடா என்றுதான் இருந்தது. தப்பித்தேன் என்று இருந்தது. ஒத்துக்கொண்டவனை அனுப்பும் வழக்கம் எங்களிடம் இல்லை. அபராதம் போட்டு, சேர்த்துவைப்போம். மூன்று கோழி என்று நான் தீர்ப்புச் சொன்னேன். பக்கத்து வீட்டில் கடன் வாங்கி அவர் மூன்று கோழி கொண்டுவந்தார். அக்கா சமைத்தாள். ந்ஸீமாக் களியை உருட்டி, கோழிக் குழம்பில் தொட்டு, பொறுப்பாளி என்று எனக்கு வைத்த தொடைக்கறியை நான் முழுசாகத் தின்றேன். எலும்பைக்கூட உறிஞ்சினேன்.

அதற்கப்புறம் நான்கு மாசம். அந்தப் பக்கமே போகவில்லை. கடையில் யாராவது மீட்டர் கொண்டுவந்தால் முகத்தட்டைத் தொடவே கை கூசியது. ஜூலையில், எங்கள் ஊர்க் குளிர்காலத்தில், தாங்காமல் ஒரு செவ்வாய்க்கிழமை மினிபஸ் ஏறிப் போனேன். அக்கா சந்தைக்குப் போயிருந்தாள். ஜைலோசி வாசலில் சாக்கை விரித்துச் சோளக் கதிர் உதிர்த்துக்கொண்டிருந்தார். மெலிந்துபோயிருந்தார். பத்தொன்பது வருஷத்து டிரைவர், இப்போது பெண்டாட்டி நிலத்தில் கூலியில்லாத ஆள்.

எதிரில் உட்கார்ந்து ஒரு கதிரை எடுத்து நானும் உதிர்த்தேன். மூன்று கதிர் முடிந்த பிறகுதான் சொன்னேன்.

"மச்சான், அந்தப் பலகை மைலை எண்ணுது. நான்தான் மாத்தி மாட்டிட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா? எப்ப?"

"மூணாவது ஞாயித்துக்கிழமை. மில்லுலேர்ந்து பாலம் வரைக்கும் என் காலடி ஒண்ணு சொல்லுது, வண்டியில போறப்ப மீட்டர் ஒண்ணு சொல்லுது. வகுத்துப் பாத்தேன், ஒண்ணு புள்ளி ஆறு. மைல்னு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கே தெரியுமே."

"அப்புறம் ஏன் மச்சான்? ஏன் எங்கிட்ட வரல?"

"வந்தேன். உன் கடை வாசல் வரைக்கும் வந்தேன். எவனோ ஒருத்தன்கிட்ட, என் வேலையில ஒரு குத்தம் காட்டிட்டா கடையை எழுதித் தரேன்னு சத்தம் போட்டுக்கிட்டிருந்த. திரும்பிட்டேன்." உதிர்த்த மணியைச் சாக்கின் நடுவுக்குத் தள்ளினார். "உன் சீல் ஆபீஸ்ல இருக்கு. நான் வாயைத் திறந்தா குத்தம் உன்மேல விழும். இது உன் அக்கா வீடு. வீட்டோட வந்த மாப்பிள்ளை மச்சினனைக் காட்டிக் குடுத்துட்டு, அப்புறம் எந்தப் பாயில படுக்கிறது? அவ யார் பக்கம் நிப்பா, சொல்லு. திருடன்னா மூணு கோழியோட போயிடும். அன்னைக்கு நீ வாயைத் திறந்தப்ப, இவன் சொல்லிடுவான்னுதான் நினைச்சேன். ஞாயித்துக்கிழமை எங்க போனீங்கன்னு கேட்ட."

எனக்குத் தலை நிமிரவில்லை. அழுதேன். குளிரில் மூக்கு ஒழுகியது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. அவர் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. அடுத்த கதிரை எடுத்தார்.

"நான் இன்னைக்கே ஆபீசுக்குப் போய்ச் சொல்றேன் மச்சான். உங்க வேலையைத் திரும்ப..."

"என் வேலைக்காக நீ போக வேண்டாம். நானே கைப்பட எழுதிக் குடுத்தாச்சு. உன் அக்கா இப்பத்தான் ராத்திரி நிம்மதியாத் தூங்கறா. அதைக் கிளறாத." கதிரைக் கீழே வைத்தார். "ஆனா அந்த வண்டியை இப்ப ஃபனிசோன்னு ஒருத்தன் ஓட்டறான். முப்பது வயசு இருக்கும், ரெண்டு சின்னப் பிள்ளைங்க. போன வாரத்துக்கு முந்தின வாரம் இந்த வழியாப் போனான், ஹாரன் அடிச்சான். அவனும் அதே மீட்டரைப் பாத்துத்தானே எழுதுவான்? எனக்காவது உன் அக்கா இருந்தா. அவனுக்கு யார் இருக்காங்களோ, தெரியாது. போய் அந்தப் பலகையை மாத்திடு. என் பேரை எடுக்காம ஏதாவது சொல்லி மாத்திடு. முதல் நாளே உன்கிட்டச் சொல்லியிருக்கணும். இத்தனை நாள் சும்மா இருந்தது என் தப்பு."

என் தப்பு என்று அவர் சொல்கிறார்!

மறுநாள் காலையில் பையில் சரியான பலகையோடு ஆபீஸ் திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். போன தடவை பார்க்காமலே சீல் குத்தினேன், மாட்டினது தப்பு என்று நேராகச் சொல்லிவிடத்தான் போனேன். ஆனால் கலுவாவின் மேசை முன்னால் நின்றதும் பழைய பயம் திரும்ப வந்துவிட்டது.

"வாங்க மீட்டர்காரரே! என்ன விஷயம்?"

"அந்த பிக்கப் மீட்டரை ஒரு தடவை... சும்மா சரிபாத்துட்டுப் போலாம்னு. காசு வேண்டாம் சார். டிரைவர் இருந்தா வண்டியைக் கொஞ்சம் வெளிய எடுக்கச் சொல்லுங்க."

"டிரைவரா?" கலுவா நாற்காலியில் சாய்ந்தார். "ஃபனிசோவைக் கேக்கறீங்களா? அவனை வெள்ளிக்கிழமையே அனுப்பியாச்சு. அதே டீசல் கேஸ்தான், உங்க மச்சான் மாதிரியே. இந்த வண்டியில உக்காந்தாலே திருட்டுப் புத்தி வந்துடும்போல. ஆனா இவன் பரவாயில்ல, ரொம்பப் படுத்தல. உங்க சர்டிபிகேட்டைக் காட்டினேன், போலீஸ்னேன். பத்தே நிமிஷம். ஒத்துக்கிட்டான்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் உட்காரச் சொல்லவில்லை.

"பேப்பர் எடுங்க சார்" என்றேன். "ரெண்டு பேரும் எடுக்கல. நான் சொல்றேன், எழுதிக்குங்க. முதல்ல என் பேரை எழுதுங்க."